அச்சு நூலா, இணைய ஆவணமா: கணினி கற்பவர் எதற்குச் செலவிடலாம்?

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை வட்டாரத்துக் கல்லூரிகளில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பொறியியல் என்று ஆண்டுதோறும் சேரும் மாணவர்களின் வீடுகளில், கட்டணமெல்லாம் கட்டி முடித்த பிறகு மிஞ்சும் சிறு தொகையை எதில் போடுவது என்ற கேள்வி எழுவதுண்டு. ஐந்நூறோ எழுநூறோ கொடுத்து நிரலாக்கத்துக்கு ஓர் அச்சு நூல் வாங்க வேண்டுமா, அல்லது பைத்தான் நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரியாக்ட் போன்றவற்றைப் பராமரிப்பவர்களே அவற்றைப் பயன்படுத்தும் விதத்தை விளக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஆவணங்கள் போதுமா? துறை நூலகத்துக்கு நூல் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இதே கேள்வி இன்னும் பெரிய தொகையோடு வருகிறது. எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்பவர்கள் ஒரு பக்கமும், புத்தகம் இல்லாத படிப்பு ஒரு படிப்பா என்பவர்கள் மறுபக்கமும் நிற்க, இரு தரப்புமே கணினிக் கல்வி முழுவதையும் ஒரே சரக்காகக் கருதிப் பேசுகின்றன. அதற்குள் இருபது ஆண்டு மாறாமல் நிற்கும் பகுதியும் உண்டு, ஆறு மாதத்தில் மாறிவிடும் பகுதியும் உண்டு. முதலாவதற்கு அச்சு நூல் வாங்கலாம்; இரண்டாவதற்கு வாங்கும் நூல் வீண் செலவு என்பது என் கருத்து. ஆனால் எது எந்தப் பகுதி என்று பிரிப்பதிலும், ஆவணத்தைப் படிக்கத் தெரிவதிலும்தான் வேலையே இருக்கிறது.

அச்சு நூல் எப்படிப் பழசாகிறது என்பதைக் கல்லூரி நூலக அடுக்குகளிலேயே பார்க்கலாம். சி++ வரிசையில் கைக்கு வந்த ஒரு நூலைப் பிரித்தால், முதல் நிரலே ஐஓஸ்ட்ரீம்.எச், கோனியோ.எச் என்ற இரண்டு ஹெடர் கோப்புகளோடு தொடங்கி, 'வாய்டு மெயின்' என்று போய், திரையைத் துடைக்கும் கட்டளை ஒன்றை அழைக்கும். இது போர்லாண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் டாஸ் இயங்குதளத்துக்காக விற்ற டர்போ சி++ கம்பைலரின் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருளின்) நடை. சி++ மொழிக்கு 1998-இல் பன்னாட்டுத் தர வரையறை வந்தபோது '.எச்' ஒட்டில்லாத ஐஓஸ்ட்ரீம்தான் விதியாயிற்று. மெயின் செயற்கூறு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. ஆகவே அந்த நிரலை இன்றைய ஜிசிசி கம்பைலரில் இட்டால், அப்படியொரு கோப்பே இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். அதைத் திருத்தித் தாண்டினால், மெயின் 'இன்ட்' தர வேண்டும் என்று இன்னொரு பிழை வந்து நிற்கும்.

இவையாவது கண்ணுக்குத் தெரியும் பிழைகள். அதே நூலின் அடுத்த அத்தியாயத்து அட்டவணையில் 'இன்ட்' வகைக்கு 2 பைட், வீச்சு -32768 முதல் 32767 வரை என்று அச்சாகியிருக்கும். 16 பிட் டாஸ் கம்பைலருக்கு அது முற்றிலும் சரி. இன்று மாணவர் கையிலிருக்கும் மடிக்கணினியில் அது 4 பைட். இரண்டு என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவர், வேலைக்கான நேர்முகத்தில் அதையே உறுதியாகச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் ஏன் அடுத்த கேள்வியைக் கேட்காமல் தாளைப் புரட்டுகிறார் என்று அவருக்கு விளங்குவதில்லை. டர்போ சி++ இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதால், டாஸ்பாக்ஸ் என்ற போலிச் சூழலுக்குள் அதை வைத்து ஓட்டும் ஆய்வகங்கள் இன்னும் இருக்கின்றன. கையிலுள்ள நூலும் ரெக்கார்ட் நோட்டும் அதற்காக எழுதப்பட்டவை. அவற்றுக்குப் பொருந்தும்படி புதுக் கணினியைப் பழசாக்கிக்கொள்கிறார்கள்.

பைத்தான் நூல்களில் இது இன்னும் நுட்பமாக நிகழ்கிறது. பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டுக்கும் நூல்கள் வந்தன. காட்பாடியிலிருந்து ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கு வாங்கும் நூல் எந்தப் பைத்தானுக்கு எழுதப்பட்டது என்பதை அட்டை சொல்லாமலும் இருக்கலாம். பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் பைத்தான் 3 உடனே கோபித்துக்கொள்ளும், அதனால் தீங்கில்லை. ஆனால் ஏழை இரண்டால் வகுத்தால் பைத்தான் 2 மூன்று என்று விடை தரும், பைத்தான் 3 மூன்றரை என்று தரும்; இரண்டிலும் பிழைச் செய்தி வராது. நூலில் உள்ள சராசரிக் கணக்கு ஒன்றை அப்படியே தட்டச்சு செய்து, நூலில் அச்சான விடைக்கும் திரையில் வந்த விடைக்கும் பொருத்தம் காணாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தன் தட்டச்சையே சந்தேகிக்கும் மாணவருக்கு, தவறு நூலின் வயதில் இருக்கிறது என்று சொல்ல அந்த நூலுக்கு வாய் இல்லை.

இதனால் இணைய ஆவணம் எப்போதும் புதிதாகவே இருக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. இணையப் பக்கங்கள் கட்டுவதற்குப் பயன்படும் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பில் ஹூக்ஸ் என்ற முறை 2019 பிப்ரவரியில், 16.8 வெளியீட்டில் வந்தது. வேலை செய்பவர்கள் விரைவிலேயே அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் அதிகாரபூர்வ ஆவணத்தின் முதன்மைப் பாடங்கள் பழைய கிளாஸ் முறையிலேயே தொடர்ந்து, ஹூக்ஸை முதன்மையாக வைத்து முழுவதும் திருத்தி எழுதிய புதிய ஆவணத் தளம் 2023 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளுக்குள், ஹூக்ஸை மையமாக வைத்து எழுதி அச்சான நூல் எதுவாயினும் அதிகாரபூர்வப் பயிற்சிப் பாடத்தைவிடப் புதிதாக இருந்திருக்கும். காரணம் எளியது: ஆவணம் எழுதுவதும் உழைப்புதான். இணைய நிரலாளர்கள் தினமும் திறக்கும் எம்டிஎன் ஆவணங்களைப் பராமரித்துவந்த மொசில்லா நிறுவனம் 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, எம்டிஎன் எழுத்தாளர்கள் பலரும் அதில் போயினர். வேறு சில நிறுவனங்களின் நிதியோடு ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற ஏற்பாடு 2021 ஜனவரியில் தொடங்கிய பிறகே அந்தப் பணிக்கு மறுபடி ஆள் கிடைத்தது. படிப்பவருக்கு இலவசம் என்றாலும் எழுதுபவருக்கு யாரோ சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்த யாரோ கையை விரித்தால் பக்கங்கள் அப்படியே நின்றுவிடும்.

முகவரி மாறுவது இன்னொரு தொல்லை. மைக்ரோசாஃப்ட்டின் நிரலாளர் ஆவணங்கள் எம்எஸ்டிஎன் என்ற பெயரில் இருந்து, 2016-இல் டாக்ஸ் என்றாகி, 2022-இல் லேர்ன் என்ற தளத்துக்குள் போய்விட்டன. பழைய குறிப்பேட்டில் எழுதிவைத்த இணைப்புகள் எல்லாமே இன்று சரியான இடத்துக்குக் கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. அலமாரியில் வைத்த நூல் இடம் மாறுவதில்லை என்பது அச்சின் பக்கம் எழுதவேண்டிய வரவு.

ஆவணத்தைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, அதன் மூலையில் இருக்கும் வெளியீட்டு எண். நம் பகுதியில் அண்ணன் படித்து முடித்த பழைய விண்டோஸ் 7 மடிக்கணினியே தங்கைக்கு வருவது வழக்கம். விண்டோஸ் 7-இல் நிறுவக்கூடிய கடைசிப் பைத்தான் 3.8; அதற்கு மேற்பட்டவை அதில் ஏறா. அந்தத் தங்கை தேடுபொறியில் தேடி, கிடைத்த ஆவணப் பக்கத்தைத் திறந்து, அதில் பார்த்த 'மேட்ச்' கூற்றை எழுதிப் பார்த்தால் இலக்கணப் பிழை என்று வரும். மேட்ச் கூற்று 2021-இல் வந்த 3.10 வெளியீட்டில்தான் சேர்ந்தது. பக்கத்தின் மேல் மூலையிலுள்ள பட்டியலை அழுத்தி 3.8-ஐத் தேர்ந்தெடுத்தால், அதே ஆவணம் அவருடைய கணினிக்கு உரிய வடிவில் திறக்கும். எந்தச் செயற்கூறு எந்த வெளியீட்டில் வந்தது, எதில் மாறியது, எதிலிருந்து கைவிடப்படவிருக்கிறது என்ற குறிப்புகள் அந்தந்தப் பத்தியின் கீழேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆதரவுள்ள வெளியீடுகளின் எண்கள் வரிசையாக நிற்கும். ஆண்டுக்கொரு பெரிய வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு என்பது அவர்களின் நடைமுறை. தேடுபொறி பல நேரம் காலாவதியான வெளியீட்டின் பக்கத்தையே முதலில் கொண்டுவந்து போடும். தலைப்பகுதியைப் பார்க்காமல் கீழே இறங்குபவருக்கு, பழைய நூலை வாங்கியவருக்கு நேர்ந்த அதே கதி இலவசமாகவே நேரும். என்றாலும் இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு சொடுக்கு போதும். அச்சு நூலுக்கு அப்படி ஒரு பரிகாரம் இல்லை.

இவ்வளவும் பார்த்தால் இணைய ஆவணத்தின் பக்கமே தராசு சாய்வது போலத் தோன்றும். முதலாண்டு மாணவரை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆவணம் என்பதில் நான்கு வகை எழுத்து கலந்திருக்கிறது என்று டானியலே ப்ரோசிடா என்பவர் பிரித்துக் காட்டியிருக்கிறார்: பயிற்சிப் பாடம், குறிப்பிட்ட வேலையைச் செய்யும் வழிமுறை, முழு விவரம் தரும் பார்வைக் கையேடு, ஏன் இப்படி என்ற விளக்கம். பெரும்பாலான மென்பொருள்களில் மூன்றாவது வகைதான் முழுமையாக இருக்கும், ஏனெனில் நிரலோடு சேர்த்தே எழுதிவிடலாம். பைத்தானின் பார்வைக் கையேட்டை அச்சிட்டால் இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். அதை வைத்துக்கொண்டு நிரலாக்கம் கற்கச் சொல்வது, ரயில்வே கால அட்டவணையைக் கையில் கொடுத்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்பது போன்றது.

பைத்தான் ஆவணத்தில் பயிற்சிப் பாடமும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது வேறொரு மொழியில் நிரல் எழுதிப் பழகியவரை மனத்தில் வைத்து எழுதியது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில் எண்களையும் சரங்களையும் காட்டி முடித்ததும் வரும் முதல் உண்மையான நிரல், ஃபிபொனாச்சி தொடரை அச்சிடுவது. அதில் ஏ, பி என்ற இரண்டு மாறிகளுக்கும் ஒரே வரியில் மதிப்பு தரப்படுகிறது. 'வைல்' மடக்குக்குள், பி-யின் மதிப்பு ஏ-க்கும், ஏ-பி இரண்டின் கூட்டல் பி-க்கும் மறுபடி ஒரே வரியில் போகின்றன. சி தெரிந்தவர் இதைப் பார்த்து, இடைக்கால மாறி தேவையில்லாமல் போயிற்றே என்று மகிழ்வார். மாறி என்றால் என்னவென்று நேற்றுத்தான் கேள்விப்பட்டவருக்கோ பன்மை மதிப்பிருத்தல், வலப்புறக் கோவைகள் முதலில் கணிக்கப்படும் என்ற விதி, நிபந்தனையுள்ள மடக்கு, உள்தள்ளலின் பொருள் ஆகிய நான்கும் ஆறே வரியில் வந்து விழுகின்றன. ஒரு நல்ல தொடக்க நூல் இதே இடத்துக்கு வர முப்பது பக்கம் எடுத்துக்கொள்ளும். இடையில் பயிற்சிக் கணக்குகள் வைக்கும். எந்த இடத்தில் மாணவர் தடுக்குவார் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே நின்று பேசும். ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை வரிசை வகுத்து எழுதியது என்பதுதான் நூலின் பெரிய பலம். பலர் சேர்ந்து பகுதி பகுதியாக எழுதும் ஆவணத்தில் அது அரிதாகவே அமைகிறது.

அதேபோல, ஒரு மென்பொருளின் ஆவணம் அந்த மென்பொருளைப் பற்றி மட்டுமே பேசும். போஸ்ட்கிரெஸ் ஆவணம் ஏறக்குறைய மூவாயிரம் பக்கம். கட்டளைகளின் வடிவம், குறியீட்டு வகைகள், பரிவர்த்தனைப் பூட்டுகள் எல்லாவற்றையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் விற்பனை நூல் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கடையின் பில்களைச் சேமிக்க எத்தனை அட்டவணை வேண்டும், வாடிக்கையாளர் முகவரியை ஒவ்வொரு பில்லிலும் எழுதினால் என்ன கெடும், மூன்றாம் இயல்பு வடிவம் என்றால் என்ன என்பதை அதில் தேடிப் பயனில்லை. அது அதன் வேலையும் அல்ல. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த தொடர்புசார் தரவு மாதிரியை விளக்கும் பாடநூல் அந்த இடத்தை நிரப்பும். அத்தகைய நூல் பத்தாண்டுப் பழையதாக இருந்தாலும் அதன் அடிப்படை அத்தியாயங்கள் ஒரு வரிகூடத் தவறாகியிருக்காது. தரவுக் கட்டமைப்பு, இயங்குதளக் கோட்பாடு, வலையமைப்பு அடிப்படை, கணிதத் தர்க்கம் ஆகிய நான்கும் இந்த இனம். சி மொழியும் ஏறத்தாழ இதில் சேரும்: கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய நூலின் முதல் பதிப்பு 1978-இலும் இரண்டாம் பதிப்பு 1988-இலும் வந்தன, மூன்றாம் பதிப்பு வரவே இல்லை, முந்நூறு பக்கத்துக்கும் குறைவான அந்த இரண்டாம் பதிப்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது. பிற்காலத் தர வரையறைகள் சேர்த்தவற்றுக்கு இணையத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மொழி பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. பேரணாம்பட்டிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருபவருக்கு ஆங்கில நூலும் ஆங்கில ஆவணமும் ஒரே அளவு தொலைவில்தான் இருக்கின்றன. ஆவணத்தின் ஆங்கிலம் எளியது, சுருக்கமானது. ஆயினும் எழுதியவர் கண்ட உலகம் அதில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் பயிற்சிப் பாடத்தில் வரும் வானிலை அட்டவணையின் முதல் வரி: சான் ஃபிரான்சிஸ்கோ, குறைந்த வெப்பம் 46, கூடிய வெப்பம் 50, மழை 0.25, நாள் 1994 நவம்பர் 27. அக்னி நட்சத்திரத்திலும் இரவில் இவ்வளவு காணாத வேலூர்க்காரர், நவம்பரில் குறைந்த வெப்பமே 46 என்றால் அது என்ன ஊர் என்று ஒரு கணம் திகைப்பார்; ஃபாரன்ஹீட் என்று தானாக ஊகித்துக்கொள்ள வேண்டும். (சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்துவிட்டு வேலூர், திருப்பத்தூர், ஆரணி என்று வரிகளைச் செருகிப் பழகுமாறு சொல்வது பலன் தருகிறது.) தமிழில் தொடங்க விரும்புபவருக்கு, அரசின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்கள் இருக்கின்றன: 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு நூலில் சி++, 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தானும் தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல் மொழியும். தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் உண்டு. அச்சிலும் உண்டு, பிடிஎஃப் வடிவில் இலவசமாகவும் உண்டு. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் வழியாக லினக்ஸ், மைஎஸ்கியூஎல் முதலியவற்றுக்கு எளிய தமிழில் இலவச மின்னூல்களும் வந்திருக்கின்றன. கல்லூரிக்கு வந்துவிட்டோம், பள்ளிப் பாடநூல் எதற்கு என்ற கூச்சத்தை விட்டுவிட்டு, முதல் செமஸ்டரில் அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஐந்நூறு ரூபாய்த் தொடக்க நூல் ஒன்று மிச்சமாகும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சு நூலுக்கு இந்தியாவில் ஜிஎஸ்டி இல்லை. 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்று அட்டையில் அச்சிட்டு வரும் மறுபதிப்புகள், தாள் சற்று மங்கலாக இருந்தாலும், வெளிநாட்டு விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கின்றன. ஒரே நூல் இரண்டு வடிவிலும் கிடைப்பதும் உண்டு: நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற கருவி பற்றிய 'புரோ கிட்' நூலின் 2014-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு கடையிலும் விற்கிறது, அதன் தளத்தில் முழுவதும் இலவசமாகவும் இருக்கிறது. ரஸ்ட் மொழியின் அதிகாரபூர்வ நூலும் அப்படியே. கம்பைலரை நிறுவும்போதே அதுவும் உடன் இறங்கி, இணையம் இல்லாதபோதும் திறக்கும். இத்தகைய நூல்களை வாங்குமுன் இணையத்தில் இரண்டு அத்தியாயம் படித்துப் பார்த்துவிடலாம்.

இணையம் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்பது நம் பகுதியில் உண்மையான கேள்வி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மின்சாரம் நிற்கும் நாளில் வீட்டு வைஃபை போகும். ஜவ்வாது மலைப் பக்கம் பேருந்து திரும்பினால் சிக்னல் போகும். மாதக் கடைசியில் டேட்டா போகும். இதைக் காட்டித்தான் பலரும் அச்சு நூலுக்காக வாதாடுகிறார்கள். ஆனால் ஆவணம் என்பது இணையத்தோடு பிறந்ததன்று. யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் தாளில் தொகுக்கப்பட்டது. பின்னர் அந்தப் பக்கங்கள் கணினிக்குள்ளேயே குடியேறி, 'மேன்' என்ற கட்டளையால் திறக்கப்படுகின்றன. லினக்ஸ் நிறுவிய பெரும்பாலான கணினிகளில் அந்தக் கட்டளை இன்றும் இணையமில்லாமல் பதில் சொல்லும். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைத் திரையில் பின்சாய்கோடும் எச் எழுத்தும் இட்டு ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் முழு வடிவம் வந்து நிற்கும். பைத்தான் ஆவணம் முழுவதையும் ஒரே தொகுப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஸீல் என்ற இலவச மென்பொருள் பல மொழிகளின் ஆவணங்களைக் கணினியிலேயே சேமித்துத் தேடித் தரும். கல்லூரி வைஃபையில் ஒரு முறை இறக்கிக்கொண்டால் ஒரு செமஸ்டருக்குப் போதும்.

திரையில் படித்தால் மனத்தில் நிற்பதில்லை என்பவர்களுக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் முதல் பாகம் மூன்றே அத்தியாயம் கொண்ட பயிற்சிப் பாடம். ஏ4 அளவில் அவர்களே தரும் பிடிஎஃப்-இலிருந்து அந்தப் பாகத்தை மட்டும் எடுத்து, இருபுறமும் அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டால் ஒரு சாப்பாட்டுக் காசுக்குள் முடிந்துவிடும். ஓரத்தில் பேனாவால் எழுதலாம், ஆய்வகத்தில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைக்கலாம். இதில் சட்டச் சிக்கலும் இல்லை: பைத்தான், போஸ்ட்கிரெஸ், எம்டிஎன் ஆகியவற்றின் உரிமங்கள் படியெடுப்பதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. விற்பனை நூல்களில் அப்படியில்லை. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடம் நடத்துவதற்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துப் படியெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி முழு நூலையும் அட்டை முதல் அட்டை வரை படியெடுப்பவர்கள் தீர்ப்பைப் படித்தவர்கள் அல்லர். மூவாயிரம் பக்கத்தையும் அச்சிடக் கொடுப்பவர்களையும் பார்க்கிறோம். அடுத்த ஆண்டு மாறிவிடக்கூடிய பார்வைக் கையேட்டைத் தாளில் போடுவது, பழசாகும் நூல் ஒன்றைத் தன் செலவில் தானே தயாரிப்பதாகும்.

தேர்வு என்ற ஒன்று தனியாக நிற்கிறது. பாடத்திட்டத்தில் பாடநூல் என்று குறித்திருக்கும் நூலிலிருந்தே கேள்விகள் வருமென்றால், ஆவணத்தில் எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும் அரியர் விழாமல் காக்காது. அந்த நூலை நூலகத்திலிருந்தோ மேல் வகுப்பு அண்ணன் அக்காவிடமிருந்தோ வாங்கித் தேர்வுக் காலத்தில் படித்துவிட்டுத் திருப்பித் தருவது போதும். சொந்தக் காசில் வாங்கிவைக்க வேண்டியது, தேர்வு முடிந்த பிறகும் திறக்கப்போகும் நூலை மட்டுமே. கடைகளில் கிடைக்கும் செமஸ்டர் கைடுகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்க நான் விரும்பவில்லை. அவை தேர்வுக்கு முந்தைய இரவுக்கானவை. இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவருக்கோ ஒப்பீடே தேவையில்லை, அவர் பயன்படுத்தும் கருவியின் அதே வெளியீட்டுக்கு உரிய ஆவணம் ஒன்றுதான் வழி. நான்கு கருவிகளைப் பிணைத்து அவர் செய்யும் வேலைக்கு, அந்த நான்கு எண்களும் பொருந்திவரும் அச்சு நூல் எங்கும் இருக்காது.

இனி துறை நூலகம். ஆண்டுதோறும் வரும் தொகையில் ஆங்குலர், ரியாக்ட், ஆண்ட்ராய்டு என்று அன்றைய பெயர்களில் ஒவ்வொரு பிரதி வாங்கி அடுக்குவது பழக்கமாகிவிட்டது. இணையப் பக்கங்கள் கட்டும் இன்னொரு கருவியான ஆங்குலரின் 2-ஆம் வெளியீடு 2016 செப்டம்பரில் வந்தபோது அதற்கு முந்தைய ஆங்குலர்ஜேஎஸ்-உடன் அதற்குப் பெயரைத் தவிர ஒட்டு மிகக் குறைவு. அதற்கு முன் வாங்கிய நூல்கள் எல்லாம் ஒரே பருவத்தில் வரலாறாயின. அந்தத் தொகையில் தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு, அல்காரிதம் ஆகிய நான்கிலும் நல்ல பாடநூல் ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதிக்குப் பதில் எட்டுப் பத்துப் பிரதி வாங்கினால், வகுப்பில் பாதிப் பேராவது வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க முடியும்.

மாறும் கருவிகளுக்கு, ஆய்வகத்திலேயே ஓரமாகக் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, பைத்தான், போஸ்ட்கிரெஸ் ஆவணங்களையும் மேல்நிலைப் பாடநூல் பிடிஎஃப்-களையும் அதில் இறக்கி, ஆய்வக வலையமைப்பில் எல்லாக் கணினிகளிலிருந்தும் திறக்கும்படி வைத்துவிடலாம். இதற்கு நூலகத் தொகையில் ஒரு ரூபாயும் ஆகாது. ஒரே நிபந்தனை, ஆய்வகக் கணினிகளில் எந்த வெளியீடு நிறுவியிருக்கிறதோ அதே வெளியீட்டின் ஆவணம்தான் அங்கே இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் மென்பொருளைப் புதுப்பிப்பவரே ஆவணத்தையும் புதுப்பிப்பது என்று ஆய்வக உதவியாளரின் வேலைப் பட்டியலில் எழுதிவைத்தால், கல்லூரி திறக்கும் நாளில் இரண்டின் எண்ணும் ஒன்றாக இருக்கும்.